மகளின் உயிரியல் வகுப்பில் படைப்புக் கொள்கை: பள்ளியிடம் என்ன கேட்பது?

அமெரிக்காவில் டென்னசி மாநிலத்துச் சிறுநகர் ஒன்றிலிருந்து வந்திருக்கிறது இந்தக் கடிதம். எழுதியவருக்குச் சொந்த ஊர் பாளையங்கோட்டை, சி.எஸ்.ஐ. குடும்பம். கணவர் கார் தொழிற்சாலையில் பொறியாளர்; ஹெச்-1பி விசாவில் இருக்கிறார்கள், கிரீன் கார்டு இன்னும் வரவில்லை. மகள் அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். அவளுடைய உயிரியல் ஆசிரியர் வகுப்பில் இரண்டு பக்கத் தாள் ஒன்றைக் கொடுத்திருக்கிறார். இடப்பக்கம் பரிணாமம், வலப்பக்கம் படைப்பு. மேலே 'இரண்டு அறிவியல் மாதிரிகள்' என்று தலைப்பு. பூமிக்கு வயது பத்தாயிரம் ஆண்டுக்குள், உலகம் முழுவதையும் மூடிய வெள்ளம்தான் பாறை அடுக்குகளை உண்டாக்கியது, குரங்கும் மனிதனும் தனித்தனியாகப் படைக்கப்பட்டவை என்றெல்லாம் வலப்பக்கத்தில் இருக்கிறது. எது சிறந்த அறிவியல் என்று கட்டுரை எழுத வேண்டும், அதற்கு மதிப்பெண்ணும் உண்டு.

"என் அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் உயிரியல் வாத்தியார். வாரநாளில் டார்வின் நடத்துவார், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வேதபாடம் வாசிப்பார். எங்கள் வீட்டில் இது சண்டையே ஆனதில்லை" என்று எழுதியிருக்கிறார் இந்தச் சகோதரி. இப்போது சண்டை வந்துவிட்டது. 'மார்க் வாங்கினால் போதும், பேசாமல் இரு' என்கிறார் கணவர். 'அப்படியானால் நம் தசாவதாரத்தையும் மூன்றாவது பத்தியாகச் சேர்க்கச் சொல்லுங்கள்' என்கிறார் கணவரின் நண்பர். 'இதை எதிர்த்தால் கடவுளையே எதிர்ப்பது போல ஆகாதா?' என்கிறார் பக்கத்து வீட்டு அம்மா. படைப்புக் கொள்கை அறிவியல்தானா, பள்ளியில் இதைச் சொல்லித்தரச் சட்டம் அனுமதிக்கிறதா, புகார் செய்தால் மகளின் மதிப்பெண்ணுக்கும் விசாவுக்கும் ஆபத்து வருமா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரி,

நீங்கள் ஆசிரியரைத் திட்டாமல் எழுதியிருப்பது நல்ல தொடக்கம். மகள் அந்தப் பள்ளியில் சேர்ந்த புதிதில் கூடவே இருந்து உதவியவர் அவர் என்கிறீர்கள். நல்ல ஆசிரியர் சட்டத்துக்கு ஒவ்வாத ஒரு தாளைக் கொடுக்க முடியும். இந்த இரண்டையும் கலக்காமல் வைத்திருந்தால் பள்ளியோடு பேசுவது சுலபம்.

அறிவியலா, இல்லையா?

"கடவுளைச் சோதனைக்குழாயில் போட முடியாது, அதனால் இது அறிவியல் இல்லை" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். எனக்கு அந்தப் பதில் போதாது. உங்கள் மகளின் தாளில் இருப்பவை கடவுள் இருக்கிறாரா என்ற கேள்வி இல்லை. பூமியின் வயது, பாறை அடுக்கு, வெள்ளம். இவை எல்லாம் சோதிக்கக்கூடியவை. இருநூறு ஆண்டுகளாகச் சோதிக்கவும் பட்டிருக்கின்றன, தேறவில்லை. பரிணாமத்தோடு படைப்பையும் பள்ளியில் நடத்த வேண்டும் என்ற சட்டத்தை எதிர்த்த ஆர்கன்சா வழக்கில் 1982-ல் தீர்ப்பு வந்தபோது லாரி லாடன் என்ற தத்துவ அறிஞர் இதைத்தான் சொன்னார்: சோதிக்க முடியாதவை என்று சொல்லி இவற்றைத் தப்பிக்க விடாதீர்கள், சோதித்துத் தோற்றுப்போனவை என்று சொல்லுங்கள் என்று. அவர் படைப்புவாதி இல்லை. படைப்புவாதத்தைச் சரியான காரணத்தைச் சொல்லி நிராகரிக்க வேண்டும் என்று கவலைப்பட்டவர்.

தோற்பது அறிவியலில் அன்றாடம் நடப்பது. தோற்ற பிறகு என்ன செய்கிறார்கள் என்பதைப் பாருங்கள். படைப்புவாத நிறுவனங்களின் ஆய்வுக்குழு ஒன்று 1997 முதல் 2005 வரை, பாறையின் வயதைக் கணிக்க உதவும் கதிரியக்கத் தேய்வை ஆராய்ந்தது. இன்றைய வேகத்தில் கணக்குப் போட்டால் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு உரிய தேய்வு பாறைகளில் நடந்திருக்கிறது என்று அந்தக் குழுவே ஒப்புக்கொண்டது. சரி, அப்படியானால் பூமி பழையது என்று சொல்ல வேண்டியதுதானே? சொல்லவில்லை. முற்காலத்தில் தேய்வு பல மடங்கு வேகமாக நடந்திருக்க வேண்டும் என்றார்கள். அந்த வேகத்தில் எழும் வெப்பம் பூமியையே உருக்கிவிடுமே என்ற கேள்விக்குத் தங்களிடம் இன்னும் தீர்வு இல்லை என்றும் அவர்களே எழுதினார்கள். விடை முதலிலேயே முடிவாகிவிட்டது. சான்று எப்படி வந்தாலும் அந்த விடைக்குள் அடைத்தாக வேண்டும்.

இது நான் கட்டிவிடும் குற்றச்சாட்டு இல்லை. கென்டக்கியில் படைப்பு அருங்காட்சியகம் நடத்தும் ஆன்சர்ஸ் இன் ஜெனிசிஸ் அமைப்பின் விசுவாச அறிக்கையை வாசித்துப் பாருங்கள். வேத வசனத்துக்கு முரண்படும் எந்தச் சான்றும், எந்தத் துறையிலிருந்து வந்தாலும், செல்லாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. ஒரு சபை தன் உறுப்பினர்களிடம் இப்படிக் கையெழுத்து வாங்குவதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. ஆய்வுக்கூடத்துக்கு இது பொருந்தாது, அவ்வளவுதான்.

"பரிணாமத்தையும் யாரும் கண்ணால் பார்க்கவில்லையே" என்று ஆசிரியர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். நேரில் பார்க்காததைக் கணித்துச் சொல்லி, பிறகு போய்த் தேடிக் கண்டுபிடிப்பதும் அறிவியல்தான். மீன்களிலிருந்து நான்குகால் விலங்குகள் வந்திருந்தால், இடைப்பட்ட உயிரினம் ஏறத்தாழ 37.5 கோடி ஆண்டுப் பழமையுள்ள, ஆழமில்லாத நீரில் படிந்த பாறையில் கிடைக்க வேண்டும் என்று புதைபடிவ ஆய்வாளர்கள் நீல் ஷுபினும் டெட் டேஷ்லரும் கணக்குப் போட்டார்கள். அந்த வயதுப் பாறை வெளியே தெரியும் இடம் என்று கனடாவின் வடகோடியில் எல்ஸ்மியர் தீவுக்குப் போனார்கள். சில கோடைகள் வெறுங்கையோடுதான் திரும்பினார்கள். 2004-ல் டிக்டாலிக் கிடைத்தது: மீனைப் போலச் செதிலும் துடுப்பும், ஆனால் அசைக்கக்கூடிய கழுத்து, துடுப்புக்குள் மணிக்கட்டு போன்ற எலும்புகள். படைப்பு மாதிரி எந்தப் பாறையில் எதைத் தேடச் சொல்லும் என்று மகளை யோசித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கட்டுரையில் பாதி அங்கேயே வந்துவிடும்.

அந்தத் தாள் எங்கிருந்து வந்தது

வலப்பக்கப் பத்தியை நீங்கள் தட்டச்சு செய்து அனுப்பியதைப் படித்ததும் எனக்கு 1981-ஆம் ஆண்டு ஆர்கன்சாச் சட்டம் நினைவுக்கு வந்தது. அந்த 590-ஆம் எண் சட்டம் 'படைப்பு அறிவியல்' என்று ஆறு அம்சங்களைப் பட்டியலிட்டது: சூனியத்திலிருந்து திடீர்ப் படைப்பு, உயிர்வகைகளுக்கு மாறாத எல்லை, மனிதனுக்கும் குரங்குக்கும் தனி மூதாதை, உலகளாவிய வெள்ளம், இளம் பூமி என்று போகும். உங்கள் தாளில் வரிசைகூடப் பெரிதாக மாறவில்லை.

அந்தச் சட்டத்தை நீதிபதி வில்லியம் ஓவர்டன் 1982 ஜனவரியில் செல்லாதென்றார். இரண்டே மாதிரிகள்தான் உண்டு, ஒன்றுக்கு எதிரான ஓட்டை எல்லாம் மற்றதற்கு ஆதாரம் என்ற ஏற்பாடே செயற்கையானது என்று அவர் காட்டினார். எதிர்த்தரப்புச் சாட்சி தடுமாறினார் என்பதற்காக உங்கள் தரப்புக் கதை உண்மையாகிவிடுமா? நீதிமன்றத்தில் நாங்கள் தினமும் பார்ப்பதுதான், ஆகாது.

அந்த வழக்கைப் போட்டவர்கள் யார் என்று பக்கத்து வீட்டு அம்மாவிடம் சொல்லுங்கள். முதல் மனுதாரர் வில்லியம் மக்லீன் ஒரு மெதடிஸ்ட் போதகர். அவரோடு ஆர்கன்சாவின் மெதடிஸ்ட், எபிஸ்கோபல், கத்தோலிக்கப் பேராயர்களும் சேர்ந்திருந்தார்கள். தங்கள் வேதத்தைச் சட்டமன்றம் அறிவியல் பாடமாக்குவது வேதத்துக்கே நல்லதில்லை என்று நினைத்தவர்கள் அவர்கள். படைப்புக் கொள்கையின் புதுவடிவம் ஒன்றைப் பள்ளி வாரியம் உயிரியல் வகுப்பில் நுழைத்ததை எதிர்த்து 2005-ல் நடந்த பென்சில்வேனியாவின் டோவர் வழக்கில் பரிணாமத்துக்காக முதலில் சாட்சி சொன்ன உயிரியலாளர் கென்னத் மில்லர் கத்தோலிக்கர். தீர்ப்பு எழுதிய நீதிபதி ஜான் ஜோன்ஸ் குடியரசுக் கட்சிக்காரர், ஜார்ஜ் டபிள்யூ. புஷ் நியமித்தவர். நீங்கள் எதிர்ப்பது ஒரு பாடத்தாளை, விசுவாசத்தை இல்லை. உங்கள் அப்பா நடத்திக் காட்டியதும் இதுதான்.

சட்டம் இப்போது எங்கே நிற்கிறது

உங்கள் மாநிலம் இதில் பழம் தின்று கொட்டை போட்ட மாநிலம். 1925-ல் பரிணாமம் கற்பித்ததற்காக ஜான் ஸ்கோப்ஸ் என்ற ஆசிரியருக்கு டேட்டன் ஊரில் 100 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது டென்னசியில்தான். பரிணாமம் கற்பிக்கத் தடை 1967 வரை சட்டப் புத்தகத்தில் இருந்தது. 1973-ல் ஆதியாகமக் கதைக்கும் பாடநூலில் இடம் தர வேண்டும் என்று வேறொரு சட்டம் வந்தது. அதை 1975-ல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது. 1987-ல் உச்ச நீதிமன்றம் லூயிசியானா வழக்கில் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில், பரிணாமம் நடத்தினால் படைப்பு அறிவியலும் நடத்தியாக வேண்டும் என்ற சட்டத்துக்கு நோக்கமே மதம்தான் என்று தீர்ப்பளித்தது.

அதன் பிறகு பெயர் மாறியது. 'இன்டெலிஜென்ட் டிசைன்', அதாவது உயிர்களை ஓர் அறிவுள்ள சக்தி திட்டமிட்டு வடிவமைத்தது என்று புதுப் பலகை மாட்டினார்கள். டோவர் பள்ளி வாரியம் பரிந்துரைத்த பாடநூலின் பழைய வரைவுகளை வழக்கறிஞர்கள் நீதிமன்ற உத்தரவோடு வாங்கிப் பார்த்தார்கள். 1987 தீர்ப்பு வரும்வரை 'படைப்பு' என்று இருந்த இடங்களில் எல்லாம் அதன் பிறகு 'டிசைன்' என்று மாற்றியிருந்தது. ஓரிடத்தில் மட்டும் அவசரத்தில் பழைய சொல்லின் தலையும் வாலும் அப்படியே நிற்க, நடுவில் புதுச் சொல் செருகிக்கொண்டு ஒரு விசித்திரமான அச்சுப்பிழை. பிரதிவாதிகளின் முக்கிய சாட்சி மைக்கேல் பீஹியிடம், அறிவியல் கோட்பாட்டுக்கு உங்கள் விளக்கத்தை ஏற்றால் ஜோதிடமும் அதற்குள் வந்துவிடுமே என்று கேட்டபோது, வரும் என்றார். (ஜாதகம் பார்க்கிற நம் ஊர்க்காரர்கள் இதைக் கேட்டுச் சந்தோஷப்பட வேண்டாம்.) 139 பக்கத் தீர்ப்பு, அது அறிவியல் இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னது.

இங்கே நீங்கள் நினைப்பதில் ஒன்றைத் திருத்த வேண்டும். 'அறிவியல் இல்லை என்று நிரூபித்தால் ஜெயித்துவிடலாம்' என்று எழுதியிருக்கிறீர்கள். சட்டப்படி கேள்வி அதுவல்ல. மோசமான அறிவியலைக் கற்பிப்பது அரசியலமைப்புக் குற்றம் ஆகாது. அரசு சம்பளம் வாங்கும் ஆசிரியர், அரசு வகுப்பறையில், ஒரு மதக் கொள்கையைப் பாடமாக முன்வைக்கிறாரா என்பதே கேள்வி. டோவர் தீர்ப்பு அந்த மாவட்டத்தைத் தாண்டி யாரையும் கட்டுப்படுத்தாது. 1987 தீர்ப்பு நாடு முழுக்கக் கட்டுப்படுத்தும்.

இரண்டு எச்சரிக்கைகளும் உண்டு. ஒன்று, 2012-ல் டென்னசி ஒரு சட்டம் இயற்றியது. அறிவியல் கோட்பாடுகளின் பலத்தையும் பலவீனத்தையும் மாணவர்கள் ஆராய ஆசிரியர் உதவுவதைத் தடுக்கக் கூடாது என்கிறது அது. ஆளுநர் கையெழுத்துப் போடாமலே அது சட்டமானது. ஆசிரியர் இதைக் காட்டலாம். ஆனால் மதக் கொள்கையைப் பரப்ப இது இடம் தராது என்று அதே சட்டத்திலேயே இருக்கிறது. பரிணாமத்தில் விடை கிடைக்காத கேள்விகளை விவாதிப்பது வேறு. ஆறு நாள் படைப்பை எதிர்ப்பத்தியில் அச்சடிப்பது வேறு. இரண்டு, இந்த மாதிரி வழக்குகளில் நீதிமன்றங்கள் பல ஆண்டுகளாகப் பயன்படுத்திய அளவுகோலை உச்ச நீதிமன்றம் 2022-ல், கால்பந்துப் பயிற்சியாளர் மைதானத்தில் ஜெபித்த வழக்கில் கைவிட்டது. 1987 தீர்ப்பு ரத்தாகவில்லை, ஆனால் நாளை அதை யாராவது மறுபடி உரசிப் பார்க்கலாம். இன்னொரு காரணமும் சேர்த்து, வழக்கு உங்களுக்குக் கடைசி வழியாகவே இருக்கட்டும் என்கிறேன்.

அந்த இன்னொரு காரணம், லூயிசியானாவில் நடந்தது. சபைன் பாரிஷ் என்ற ஊர்ப்புறத்தில் ஆறாம் வகுப்பு படித்த பௌத்தக் குடும்பத்துப் பையன். அறிவியல் தேர்வில் கர்த்தரின் பெயரை நிரப்பச் சொல்லி ஒரு கோடிட்ட இடம். அவன் அதை நிரப்பவில்லை. பெற்றோர் போய்க் கேட்டபோது, ஆசியர்கள் அதிகம் இருக்கும் வேறு பள்ளிக்கு மாறலாமே என்று மேலதிகாரி சொன்னதாக மனுவில் இருக்கிறது. 2014 ஜனவரியில் வழக்கு, மார்ச்சிலேயே இரு தரப்பும் ஒப்புக்கொண்ட நீதிமன்ற உத்தரவுக்குப் பள்ளி வாரியம் இணங்கிவிட்டது. சட்டத்தில் சுலபமான வெற்றி. அதற்குள் பையன் தொலைவிலுள்ள வேறு பள்ளிக்குப் போய்விட்டிருந்தான்.

தசாவதாரத்தைச் சேர்க்கக் கேட்கலாமா?

வேண்டாம். கணவரின் நண்பர் நல்ல எண்ணத்தில் சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரு மதக் கொள்கை வகுப்பில் நுழைந்தது தவறென்றால், இரண்டாவதைச் சேர்ப்பது தவறை இரட்டிப்பாக்கும். முதலாவதை எதிர்க்கும் உரிமையையும் நீங்களே விட்டுக்கொடுத்ததாகும். 2019-ல் ஜலந்தரில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டில் ஒரு துணைவேந்தர், டார்வினைவிடத் தசாவதாரம் மேலான கோட்பாடு என்றார். இந்திய விஞ்ஞானிகளே கொதித்துப்போனார்கள். மச்சத்துக்கும் கூர்மத்துக்கும் பிறகு வராகம் வருவது, தெரிந்த விடைக்குப் பின்னாலிருந்து பொருத்திப் பார்ப்பது. எந்தத் தீவில் எந்தப் பாறையை உடைக்க வேண்டும் என்று அது யாருக்கும் சொன்னதில்லை.

மதங்களின் படைப்புக் கதைகளை வரலாறு, இலக்கியம், சமய ஒப்பீடு வகுப்பில் படிப்பது முழுக்கச் சட்டபூர்வமானது. மகள் தன் விசுவாசத்தைப் பள்ளியில் சொல்வதையும் யாரும் தடுக்க முடியாது. தடை அரசுக்கு, மாணவிக்கு இல்லை.

இப்போது செய்ய வேண்டியது

முதலில் அந்தத் தாளைப் பத்திரப்படுத்துங்கள். எந்தத் தேதியில், எந்த வகுப்பில் கொடுத்தார் என்று மகளையே எழுதி வைக்கச் சொல்லுங்கள். பிறகு ஆசிரியருக்குச் சுருக்கமான மின்னஞ்சல். கடவுள், டார்வின், அரசியலமைப்பு எதுவும் அதில் வேண்டாம். இரண்டே கேள்விகள்: இந்தக் கட்டுரை மாநிலப் பாடத்திட்டத்தின் எந்த அம்சத்தின் கீழ் வருகிறது? வலப்பக்கப் பத்தி எந்த அங்கீகரிக்கப்பட்ட பாடநூலிலிருந்து எடுக்கப்பட்டது? டென்னசியின் உயிரியல் பாடத்திட்டம் புதைபடிவம், மரபணு வரிசை, கருவியல் ஆகிய சான்றுகளைக் கொண்டு பரிணாமத்தைக் கற்கச் சொல்கிறது. முதல் கேள்விக்கு அவரால் நேரான பதில் தர முடியாது. பல நேரங்களில் ஆசிரியர் தாமாகவே தாளைத் திரும்பப் பெற்றுக்கொள்வார். அவருக்கும் முகம் போகாது.

ஒரு வாரத்தில் பதில் இல்லையென்றால் அதே மின்னஞ்சலைப் பிரின்சிபாலுக்கும், அடுத்து மாவட்டத்தின் டைரக்டர் ஆஃப் ஸ்கூல்ஸுக்கும் அனுப்புங்கள். பள்ளி வாரியத்தின் வழக்கறிஞர் கண்ணில் படுவதுதான் நோக்கம். டோவரில் தோற்ற வாரியம் எதிர்த்தரப்புக்குக் கொடுக்க வேண்டிவந்த வழக்குச் செலவு பத்து லட்சம் டாலர் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். இப்படிப்பட்ட வழக்குகளில் ஏ.சி.எல்.யூ. போன்ற குடியுரிமைப் பாதுகாப்பு அமைப்புகள் பெற்றோரிடம் கட்டணம் வாங்குவதில்லை என்பதும் தெரிந்திருக்கும்.

மதிப்பெண் பயம் நியாயமானது. புகாருக்காக மதிப்பெண்ணைக் குறைத்தால் அது தனி மீறல். ஆனால் நிரூபிப்பது கஷ்டம். ஆகவே புகாருக்கு முன் திருத்தித் தந்த தாள்களை எல்லாம் எடுத்து வையுங்கள், பின்னால் ஒப்பிட உதவும்.

விசா பற்றிக் கணவரிடம் சொல்லுங்கள்: பள்ளிக்கு உங்கள் விசா நிலையைச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை, மின்னஞ்சலிலும் எழுதாதீர்கள். பாடத்தாளைப் பற்றிக் கேள்வி கேட்டீர்களா என்று கிரீன் கார்டுக்கு விண்ணப்பிக்கும் ஐ-485 படிவம் விசாரிப்பதில்லை. இன்றைய சூழலில் அவருக்கு இருக்கும் பயத்தை நான் குறைத்துப் பேசவில்லை. அதனால்தான் வாரியக் கூட்டத்தில் மைக் பிடிப்பது, முகநூலில் தாளைப் போடுவது இரண்டையும் இப்போதைக்கு வேண்டாம் என்கிறேன். பள்ளிக்கு எழுதும் கடிதங்கள் பொதுப்பதிவுச் சட்டத்தில் வெளியே வரக்கூடும். மாணவியின் அடையாளத்தை அவர்கள் மறைத்தாக வேண்டும், இருந்தாலும் நாளை யாரோ படித்தாலும் பரவாயில்லை என்ற அளவில் எழுதுங்கள்.

கட்டுரைக்குக் கெடு நெருங்கினால் மகள் எழுதிக் கொடுக்கட்டும். தனக்குக் கடவுள் நம்பிக்கை உண்டா இல்லையா என்று அவள் அதில் சொல்ல வேண்டியதில்லை. ஆசிரியர் கேட்கவும் முடியாது. வலப்பக்கத்தில் உள்ள பூமியின் வயதை மட்டும் எடுத்துக்கொண்டு, அதை எப்படிச் சோதித்தார்கள், என்ன கிடைத்தது, சோதித்தவர்கள் பிறகு என்ன சொன்னார்கள் என்று மூன்று பத்தி எழுதினால் போதும். கொடுப்பதற்கு முன் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன மூன்று இடத்திலும் பதில் கிடைக்கவில்லை என்றால் அந்த நகல், தாள், மின்னஞ்சல்கள் எல்லாவற்றோடும் டென்னசியில் உரிமம் பெற்ற வழக்கறிஞர் ஒருவரை நேரில் பாருங்கள். நான் இங்கே சொன்னது பொதுவான விளக்கம், உங்கள் மாவட்டத்தின் விதிகளை அவர்தான் பார்த்துச் சொல்ல முடியும்.